கல்லில் உட்கார்ந்த பறவை: எட்வர்ட் கோரியின் செய்யுள் கதைகளும் நட்பின் காரணமின்மையும்

1

"அந்தப் பறவை ஏன் மாமா போயிடுச்சு?"

கேட்டவள் என் நண்பரின் மகள். ஒன்பது வயது. அவள் அப்பா இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. "புஸ்தகத்தையெல்லாம் நீங்களே பாத்து எடுத்துக்குங்கண்ணா, எனக்கு எது என்னன்னு தெரியல" என்று அவர் மனைவி கூப்பிட்டதால் போயிருந்தேன். அலமாரியின் அடித்தட்டில் எட்வர்ட் கோரியின் 'ஆம்ஃபிகோரி டூ' கிடந்தது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு நாங்கள் வாங்கிய புத்தகம். ஆறு மாதம் அவரிடம், ஆறு மாதம் என்னிடம் என்று ஏற்பாடு. அவரிடமே தங்கிவிட்டது. அதில் நாங்கள் இருவரும் அடிக்கடி திரும்பிப் போகும் கதை 'த ஆஸ்பிக் பேர்ட்'. குழந்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் படத்தைக் காட்டிக் காட்டித் தமிழில் சொன்னேன்.

கதை இவ்வளவுதான். எந்தப் பறவையியல் நூலிலும் இல்லாத ஆஸ்பிக் என்ற பறவை ஒன்று பறந்து வந்து எம்ப்ளஸ் ஃபிங்பி என்பவரின் வட்டத் தொப்பியில் உட்காருகிறது. சும்மா உட்காரவில்லை, அவரோடு வாழ்வதென்று முடிவு செய்து வந்திருக்கிறது. வாழ்கிறார்கள். சேர்ந்து பொழுதைக் கழிக்கிறார்கள். ஃபிங்பி இறந்துபோகிறார். பறவை அப்போது அருகில் இருக்கிறது. அவரைப் புதைத்த பிறகு கல்லறைக் கல்லின் மேல் பறவை தனியாக உட்கார்ந்திருக்கிறது. சில மாதம் கழித்து ஒருநாள் மனதை மாற்றிக்கொண்டு பறந்துவிடுகிறது. முடிந்தது.

ஏன் போயிற்று என்று அவள் கேட்டதற்கு, "அதுக்குப் பசிச்சிருக்கும்மா, சாப்டுட்டுத் திரும்பி வரும்" என்றேன். அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் வேறு கதை. "வரலையே" என்றாள்.

நான் சொன்னது பொய். அவசரத்தில் வந்த பொய் என்றாலும், குழந்தைகளிடம் நட்பைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் பொய்யும் அதுதான். அந்தப் பொய்யை விசாரிக்கும் முயற்சியே இந்தக் கட்டுரை. கோரியைத் தமிழுக்கு அறிமுகம் செய்வது இதன் நோக்கமில்லை. ஆனால் அவர் எந்த வரிசையில் வருகிறவர் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2

இருட்டும் சாவும் படமும் சந்தமும் சேர்ந்த குழந்தைப் புத்தகத்துக்கு ஐரோப்பாவில் ஒரு தகப்பன் உண்டு. ஹைன்ரிக் ஹாஃப்மன், ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவர். 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்குப் புத்தகம் வாங்கக் கடைக்குப் போனவர், இருந்தவை எல்லாம் போதனையாக இருந்ததால் வெற்று நோட்டு ஒன்றை வாங்கி வந்து தாமே எழுதி, தாமே வரைந்தார். 1845இல் அச்சான அதுதான் 'ஸ்ட்ருவெல்பீட்டர்' என்று பிறகு உலகம் அறிந்த புத்தகம். கட்டைவிரல் சூப்பும் பையனின் விரல்களைத் தையல்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிப் போகிறான். சூப் வேண்டாமென்ற காஸ்பர் ஐந்தே நாளில் நூலாய் இளைத்துச் சாகிறான். தீக்குச்சி கிழித்த பவுலினா எரிந்து சாம்பலாகிறாள்.

இதை ஃபூக்கோவை வைத்து வாசிப்பது சுலபம். தவறு, அதற்கு உடனடித் தண்டனை, தண்டனை உடம்பின் மேலேயே எழுதப்படுவது என்று எல்லாம் இருக்கிறது. போதாக்குறைக்கு ஹாஃப்மன் 1851 முதல் அந்நகரின் மனநலக் காப்பகத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். கண்காணிப்பும் கதையும் ஒரே கையில்! அப்படி வாசித்தவர்கள் பலர். தவறென்று சொல்ல மாட்டேன். கறுப்புச் சிறுவனைக் கேலி செய்த பையன்களை மைக்கூட்டில் முக்கி அவனைவிடக் கறுப்பாக்கும் கதை ஒன்று அதில் உண்டு. கேலி செய்யாதே என்று சொல்ல வந்த பிரதி, கறுப்பையே தண்டனையாக்கித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் பவுலினா கதையில் இந்த வாசிப்புக்கு அடங்காத ஒன்று இருக்கிறது. மின்ஸ், மவுன்ஸ் என்று இரண்டு பூனைகள். அவை காலைத் தூக்கி எச்சரிக்கின்றன. அவள் கேட்கவில்லை. எரிந்துபோகிறாள், செருப்பு மட்டும் மிச்சம். கடைசிப் படத்தில் சாம்பல் குவியலுக்கு இரண்டு பக்கமும் பூனைகள் உட்கார்ந்து அழ, கண்ணீர் ஓடையாக ஓடுகிறது. நீதி எப்போதோ முடிந்துவிட்டது. தீக்குச்சியைத் தொடாதே என்ற செய்திக்கு இந்தக் கண்ணீர் தேவையே இல்லை. தண்டனை இயந்திரம் நின்ற பிறகும் இரண்டு பிராணிகள் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. இந்த உபரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த வகைப் புத்தகங்களில் நட்பு முதன்முதலாகத் தலைகாட்டும் இடம் இது. நீதிக்கு உபயோகப்படாத கண்ணீராக அது வருகிறது.

ஹிலேர் பெல்லாக் 1907இல் எழுதிய எச்சரிக்கைக் கதைப் பாடல்கள் இந்த வடிவத்தைக் கேலியாக்கின. தவறு இன்னும் அற்பமாகிறது, தண்டனை இன்னும் பெரிதாகிறது. ஆனாலும் காரணம், காரியம் என்ற கம்பி அறுபடவில்லை. இழுத்துப் பார்த்துச் சிரிக்கிறார், அவ்வளவே. அந்தக் கம்பியை அறுப்பவர் கோரி. அவர் பெல்லாக்கின் பாடல்களுக்கே படம் வரைந்து வைத்திருந்தார்; அது அவர் இறந்த பிறகு 2002இல் வெளிவந்தது.

3

இன்னொரு முன்னோடி எட்வர்ட் லியர். 1846இல் 'அபத்தப் புத்தகம்' போட்டவர். அவருடைய ஐந்தடிப் பாடல்களில் எப்போதும் ஒரு விசித்திரமான ஆள் இருப்பான், எதிரில் 'அவர்கள்' இருப்பார்கள். ஆளுக்கு மூக்கு நீளம் அல்லது தாடியில் குருவிக்கூடு. 'அவர்கள்' கேள்வி கேட்பார்கள், அடிப்பார்கள், ஊரைவிட்டுத் துரத்துவார்கள். அந்த 'அவர்கள்' நடைமுறைப் புத்தியுள்ள சமூகம் என்று ஆல்டஸ் ஹக்ஸ்லி சொன்னதை எடுத்துக்கொண்டு ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். எனக்கு அதில் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். லியரின் விசித்திர ஆளுக்கு 'அவர்கள்' உண்டு, 'நீ' கிடையாது. பேசுவதற்கு ஒருவர் இல்லாத உலகம் அது. ஆந்தையும் பூனையும் படகேறிப் போகும் புகழ்பெற்ற பாட்டில்தான் 'நீ' கிடைக்கிறது. அதற்கும் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. ஒளிரும் மூக்கோடு இரவில் தேடியலையும் டாங் என்ற பிராணிக்கோ கிடைத்த 'நீ' கைவிட்டுப் போய்விடுகிறது.

லியர் வலிப்பு நோயைச் சிறுவயது முதல் மறைத்தே வாழ்ந்தவர். நோயைப் பேய் என்றே நாட்குறிப்பில் எழுதினார். 1873 முதல் 1875 வரை வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில் இந்தியாவில் சுற்றி வரைந்தார். தஞ்சைக் கோயிலையும் வரைந்தார். அந்தப் பயணத்தில் அவரோடு இருந்தவர் ஜியோர்ஜியோ கொகாலி, 27 ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்தவர், 1883இல் இறந்தார். எஜமான் வேலைக்காரன் உறவை நட்பு என்று அழைப்பதில் உள்ள பிசகு எனக்குத் தெரியும். சம்பளம் வாங்கும் கையும் கொடுக்கும் கையும் சமமில்லை. ஆனாலும் லியரின் வாழ்க்கையில் கூடவே இருந்த 'நீ' யார் என்று கேட்டால் அந்த மனிதரையும், 1887இல் செத்த ஃபாஸ் என்ற பூனையையும்தான் காட்ட முடிகிறது. பூனை போன சில மாதத்தில், 1888 ஜனவரியில் லியரும் போய்ச் சேர்ந்தார்.

லியரின் டாங் பாடலுக்கும் ஜம்ப்ளிகள் பாடலுக்கும் 1960களின் கடைசியில் கோரி படம் வரைந்தார். வரிசை தானாகப் பொருந்துகிறது. ஹாஃப்மனிடமிருந்து சாவையும் லியரிடமிருந்து தனிமையையும் கோரி எடுத்துக்கொண்டார் என்று ஒரு வாய்ப்பாடு போடலாம். வாய்ப்பாடு முழுவதும் சரியில்லை என்பதைப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்துகொண்டேன்.

4

எட்வர்ட் கோரி 1925இல் சிகாகோவில் பிறந்தார். ஹார்வர்டில் படித்தார், அங்கே அறைத்தோழர் கவிஞர் ஃபிராங்க் ஓஹாரா. 1953இல் முதல் புத்தகம். நியூயார்க்கில் பதிப்பகம் ஒன்றில் அட்டை வரைந்து சம்பாதித்தார். பாலன்ஷீனின் பாலே நடனத்தின் மேல் பித்து. பதிப்பாளர்கள் தயங்கியபோது 1962இல் ஃபான்டாட் பிரஸ் என்று தானே ஓர் அச்சகப் பெயரை வைத்துக்கொண்டு, தன் பெயரின் எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட ஆக்ட்ரெட் வியரி என்ற புனைபெயரில் புத்தகம் போட்டார். சின்னச் சின்னப் புத்தகங்கள், குறைந்த பிரதிகள். சிறுபத்திரிகைக்காரனுக்கு இந்த வைராக்கியம் விளங்கும். 'ஆஸ்பிக் பேர்ட்' 1970இல் அப்படி வந்ததுதான். எட்மண்ட் வில்சன் 1959இலேயே அவரைப் பற்றி எழுதியிருந்தாலும், 1972இல் பதினைந்து புத்தகங்களைச் சேர்த்து 'ஆம்ஃபிகோரி' தொகுப்பு வந்த பிறகுதான் பெயர் பரவியது. பூனைகளோடு கேப் காட் பக்கம் ஒரு பழைய வீட்டில் வாழ்ந்து 2000 ஏப்ரலில் இறந்தார். சொத்தைப் பிராணிகளின் நலனுக்கு எழுதி வைத்தார்.

எல்லாரும் அறிந்த அவருடைய புத்தகம் 1963இல் வந்த 'காஷ்லிக்ரம்ப் டைனீஸ்'. ஆங்கில அகரவரிசைப்படி 26 குழந்தைகள், 26 சாவுகள். ஒருத்தி படியிலிருந்து விழுகிறாள், ஒருவனைக் கரடிகள் தாக்குகின்றன, ஒருவன் வெறும் சலிப்பிலேயே சாகிறான். பெயர், சாவு, பெயர், சாவு என்று ஈரடி ஈரடியாகப் போகிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஹாஃப்மனின் குழந்தை சாவதற்கு முன் ஒரு குற்றம் செய்திருக்க வேண்டும். கோரியின் குழந்தைக்குப் பெயரின் முதல் எழுத்து போதும். இந்தப் புத்தகம் சேர்ந்திருந்த மூன்று நூல் தொகுதிக்கு நீதி போதனை நூல்கள் என்று துணைத்தலைப்பு வைத்த கிண்டலைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 26 குழந்தைகளும் தனித்தனியாகச் சாகிறார்கள். ஒரு படத்தில்கூட இன்னொரு குழந்தை ஓடி வந்து கைகொடுக்கவில்லை. மின்ஸும் இல்லை, மவுன்ஸும் இல்லை. அவர்கள் சேர்ந்து நிற்பது அட்டையில் மட்டும். அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நிற்பது மண்டையோட்டு முகத்தோடு சாவு. குழந்தைகளை ஒன்றுசேர்க்கும் ஒரே ஆள் அவன்தான். பின்னட்டையில் அவர்கள் மறுபடி கல்லறைக் கற்களாகச் சேர்கிறார்கள். ஆக, காரணத்தை அறுத்துவிட்டால் தண்டனை போகிறது. கூடவே உறவும் போய்விடுகிறது. இங்கேதான் கோரி நின்றிருந்தால் அவர் ஒரு கெட்டிக்காரக் கேலிக்காரர் மட்டுமே.

அவர் அங்கே நிற்கவில்லை என்பதற்கு முதல் சாட்சி 1957இல் வந்த 'டவுட்ஃபுல் கெஸ்ட்'. சந்தேக விருந்தாளி என்று வைத்துக்கொள்வோம். பனிக்காலத்து இரவு. மணி அடிக்கிறது, வாசலில் யாரும் இல்லை. பிறகு பார்த்தால் கூடத்துக்குள் பெங்குவின் போன்ற ஒரு பிராணி, கழுத்தில் துண்டு, காலில் கான்வாஸ் ஷூ, சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மறுநாள் காலை உணவோடு தட்டையும் கொஞ்சம் தின்கிறது. புத்தகங்களிலிருந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கிழிக்கிறது. பிடித்துப்போன பொருட்களைக் கொண்டுபோய்க் குளத்தில் போடுகிறது. பதினேழு வருஷமாகியும் போகிற அறிகுறி இல்லை. வீட்டார் உர்ரென்று சுற்றி நிற்கிறார்கள். யாரும் அதை வெளியே தள்ளவில்லை. யாரும் அதைக் கொஞ்சவும் இல்லை.

இந்தப் புத்தகம் பிறகு நாவலாசிரியையாகப் பெயர்பெற்ற ஆலிசன் லூரிக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றிய கதை இது என்பது அவர் வாசிப்பு. பெற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். பெயர் கேட்காமல், நிபந்தனை போடாமல் வந்தவரை ஏற்பதே விருந்தோம்பல் என்று தெரிதா 1997இல் பேசியதற்கு நாற்பது வருஷம் முந்திய சித்திரம் என்றும் சொல்லலாம். ஃபிராய்ட் 1919இல் எழுதிய கட்டுரையில் அமானுஷ்யமான அச்சத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ஜெர்மன் சொல்லுக்குள்ளேயே 'வீடு' இருக்கிறது. வீட்டுக்கு உரியதாயிருந்து, ஒளிந்து, அந்நியமாகித் திரும்புவதுதான் பயமுறுத்துகிறது என்றார் அவர். கோதிக் இலக்கியத்தின் பாழ்மாளிகை, சாத்திய அறை எல்லாம் இதற்கான ஏற்பாடுகள்தாம். கோரியிடம் மாளிகை இருக்கிறது, இருட்டு இருக்கிறது, பேனாவால் கோடு கோடாக இழைத்த சுவர்த்தாளின் மூச்சுமுட்டல் இருக்கிறது. பேய் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு வந்து காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுகிறது. பயம் தினசரியாகிறது. தினசரியான பயத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சகவாசம்.

மான்ஷனில் அறை பகிர்ந்து இருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். என் நண்பர் என் அறைக்கு ஒரு வாரம் என்று வந்து நாலு வருஷம் இருந்தார். என் புத்தகங்களில் பென்சிலால் கோடு போடுவார், அதுவும் தப்பான இடத்தில். ஏன் அவரைப் போகச் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தாலும் காரணம் அகப்படவில்லை.

5

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டுச் சிக்கல். தொதரோவ் 1970இல் எழுதிய விந்தைப் புனைவு பற்றிய நூலில், நடந்தது இயற்கைக்கு உட்பட்டதா அப்பாற்பட்டதா என்ற வாசகத் தயக்கமே அந்த வகையின் உயிர் என்றார். அதனால் கவிதை விந்தைப் புனைவாக முடியாது என்றும் சொன்னார். கவிதையில் வாசகன் 'இது நிஜமாக நடந்ததா' என்று கேட்பதில்லை, சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறான், தயங்குவதற்கு இடமில்லை.

கோரியின் கதைகள் செய்யுள். தொதரோவின்படி இவற்றில் தயக்கம் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. எதனால் என்றால் படத்தால். செய்யுள், 'நான் வெறும் ஓசை' என்கிறது. படமோ, தொப்பியையும் கோட்டையும் சுவர்த்தாளையும் விக்டோரியக் காலத்துச் செதுக்குப் படம் மாதிரி நுணுக்கி வைத்து, 'இது நடந்தது' என்று சாதிக்கிறது. வாசகன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறான். தயக்கம் கதைக்குள் இல்லை, சொல்லுக்கும் படத்துக்கும் இடையில் இருக்கிறது. தொதரோவின் வகைப்பாட்டில் படம் என்ற ஒன்றுக்கு இடமே இல்லாதது அதன் குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்யுள் செய்யும் இன்னொரு காரியம் என் விஷயத்துக்கு நெருக்கமானது. ஆங்கிலத்தில் 'தொப்பி' என்ற சொல்லும் 'உட்கார்ந்தது' என்ற சொல்லும் ஒரே ஓசையில் முடிபவை. பொருளில் இவற்றுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வெறும் ஒலி அவற்றைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. பறவை ஏன் தொப்பியில் உட்கார்ந்தது என்று கேட்டால், அவை ஓசையில் சேர்கின்றன என்பதுதான் பதில். வேறு பதில் கதையில் இல்லை. இயைபு என்பதே காரணமில்லாத சேர்க்கை. ரத்த உறவில்லாத இரண்டு சொற்கள் தற்செயலாகச் சந்தித்து, சந்தித்த பிறகு பிரிக்க முடியாதவை போல ஆகிவிடுகின்றன. நட்பைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

தமிழில் நம் காது முதலில் தேடுவது அடியின் தலையில் வரும் எதுகையை, மோனையை. கடைசியில் வரும் இயைபுக்கு நம் மரபில் இரண்டாமிடம்தான். நான் அந்தக் குழந்தைக்குக் கதை சொன்னபோது எதுவுமே இல்லாமல், உரைநடையில், பேச்சில் சொன்னேன். ஓசை போய்விட்டது. ஓசை போனதும் காரணம் தேவைப்பட்டது. உரைநடை 'ஆகையால்' இல்லாமல் நடக்காது. பறவை வந்ததற்கே அவள் ஏன் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வந்ததை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. போனதைத்தான் கேட்கிறோம். ஆங்கிலத்தில் போவதற்கும் வந்ததைப் போலவே ஓர் ஓசைத்துணை இருக்கிறது. வரவும் போக்கும் ஒரே சட்டத்தில் நடக்கின்றன. என் சொல்லலில் வரவு அற்புதமாகவும் போக்கு துரோகமாகவும் ஆகிவிட்டது. அதைச் சரிக்கட்டத்தான் பசி என்ற பொய்யை ஒட்டினேன்.

6

தெரிதா 1994இல் வெளியிட்ட நட்பின் அரசியல் பற்றிய நூலில் ஒரு கடுமையான சட்டத்தைச் சொல்கிறார். நண்பர்கள் இருவரில் ஒருவர் முந்திச் சாவார், மற்றவர் பார்த்திருப்பார். இது நட்பு தொடங்கும் நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது. நட்பு என்பது துக்கத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது. ஆஸ்பிக் பறவை கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் படம் இந்தச் சட்டத்தின் சித்திரம். கோரி அங்கே முடித்திருந்தால் விக்டோரியச் சமாதிகளில் செதுக்கி வைக்கும் விசுவாசமான நாயின் கதைதான் இதுவும். அடுத்த படத்தில் பறவை இல்லை. தெரிதாவின் சட்டத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு படம் அது. துக்கம் காத்தவர் எழுந்து போகலாமா, எப்போது போகலாம், போனால் அதற்குப் பெயர் என்ன?

நமக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையார் வந்து பக்கத்தில் அமர்ந்து உயிர்விட்டதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். பொத்தியாரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவரும் கூடச் சாக வந்தவர். மகன் பிறந்த பின் வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். பொத்தியார் போனார். பிறகு திரும்பி வந்தபோது சோழன் கல்லாகியிருந்தான். அந்தக் கல்லின் பக்கத்தில் தனக்கும் இடம் கேட்டு உயிர்விட்டார் என்கிறது புறநானூற்று மரபு. பிசிராந்தையார் வந்ததும் இருந்ததும் ஒரே காரியம். பொத்தியாருக்கு நடுவில் ஒரு காலம் இருக்கிறது. நண்பன் செத்துக்கொண்டிருக்க, பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த காலம். நம் மரபு அந்தக் காலத்தை அவர் திரும்பி வந்ததால் மன்னித்துவிடுகிறது. திரும்பாமலே இருந்திருந்தால் அவர் பெயர் நமக்குக் கிடைத்திருக்குமா?

நம் இலக்கியத்தில் நட்பின் உயர்ந்த வடிவம் உடன்சாதல். குழந்தைகளுக்கு அதையே சுருக்கி, 'நல்ல நண்பன் கைவிடமாட்டான்' என்று தருகிறோம். கரடி வந்தபோது மரத்தில் ஏறியவன் கெட்ட நண்பன் என்பதோடு பாடம் முடிகிறது. செத்துப்போகிற நண்பனைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வார்த்தை இல்லை. நண்பன் செத்துப்போனால் கைவிட்டது யார்? இந்தக் கேள்வியோடு ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கும்போது நம் நீதிக்கதைகள் எல்லாம் பல்லிளிக்கின்றன.

கோரியின் பறவை கைவிடவில்லை என்றும் சொல்ல முடியாது, கைவிட்டது என்றும் சொல்ல முடியாது. வருவதற்கு அதற்கு ஒரு மனம் இருந்தது, இருப்பதற்கு இருந்தது, போவதற்கும் அதே மனம். மனதை மாற்றிக்கொண்டது என்று மட்டும்தான் கோரி சொல்கிறார். ஏன் மாற்றிக்கொண்டது என்று சொன்னால் நாம் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவோம். சத்தியம் எதுவும் செய்யாமல் வந்த பறவை அது. சத்தியம் இல்லாத இடத்தில் சத்தியத்தை மீறலும் இல்லை. அத்தனை வருஷம் அது இருந்தது கட்டாயத்தால் இல்லை என்பது, அது போன பிறகுதான் நிச்சயமாகிறது. எந்த நேரமும் பறந்துவிடக்கூடிய ஒன்று பறக்காமல் இருந்தது. நாய்ச் சிலைக்கு இந்தப் பெருமை கிடையாது.

7

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தையும் பார்க்க வேண்டும். கோதிக் செய்யுளும் படமும் என்றால் இன்று பலருக்கும் நினைவு வருவது டிம் பர்ட்டன். 1982இல் 'வின்சென்ட்' என்ற சந்தக் குறும்படம். 1997இல் 'சிப்பிப் பையனின் சோகச் சாவு' என்ற தலைப்பில் 23 பாடல்கள் கொண்ட புத்தகம். தலைப்புப் பாடலில் சிப்பித் தலையோடு பிறந்த பையனை, தன் ஆண்மைக் குறைக்கு மருந்தென்று அப்பனே தின்றுவிடுகிறான். இன்னொன்றில் குச்சிப் பையன் தீக்குச்சிப் பெண்ணின் மேல் ஆசை வைத்து எரிந்துபோகிறான். பவுலினாவின் தீக்குச்சி நூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு பெண்ணாக எழுந்து வந்திருக்கிறது. அங்கே தீ தண்டனை, இங்கே தீ ஆசை.

பர்ட்டனின் பையன்களுக்கெல்லாம் நண்பன் இல்லை. அவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள், ஒதுக்கப்பட்டதாலேயே அழகானவர்கள். வாசிக்கும் இளைஞன், 'நானும் இவன்தானே' என்று உருகுகிறான். இந்த உருக்கத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒதுக்கப்பட்டவன் பிரதிக்குள் தனியாகவே சாகிறான். அவனுக்கு நண்பன் பிரதிக்கு வெளியே இருக்கும் வாசகன். வாசகனுக்கு இதில் செலவு ஒன்றுமில்லை. தட்டைத் தின்னும் பிராணியோடு பதினேழு வருஷம் குப்பைகொட்ட வேண்டியதில்லை. விளிம்புநிலை என்ற சொல்லை நாமும் சில சமயம் இப்படித்தான் புழங்கினோம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தூரத்து விளிம்பின் மேல் காதல், பக்கத்து அறைக்காரனோடு சண்டை.

பர்ட்டனைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. சிப்பிப் பையன் பாட்டில் குடும்பம் என்ற அமைப்பின் வாய்க்குள் நம்மைத் தலைகீழாக இறக்கிக் காட்டுகிறார். கோரி அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால் பர்ட்டன் இரக்கத்தைக் கேட்டு வாங்குகிறார். கோரி கேட்பதில்லை. ஃபிங்பியும் பறவையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பக்கம் திரும்புவதில்லை.

8

இதெல்லாம் குழந்தைகளுக்கா என்ற கேள்வி வரும். நண்பர் உயிரோடிருந்தபோது நாங்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். "இது பெரியவங்க குழந்தை வேஷம் போட்டுப் படிக்கிற புஸ்தகம்யா" என்பார் அவர். பழைய ஏட்டைப் போல வரைந்து, செத்துப்போன ஒரு காலத்தின் வாசனையைப் பூசி, சாவை அலங்காரப் பொருளாக்கிவிட்டார் கோரி என்பது அவர் வாதம். 'காஷ்லிக்ரம்ப்' விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன். 26 சாவுகளைப் புரட்டி முடித்தவன் யாருக்காகவும் வருந்தாமல் எழுந்து போகலாம். பல புத்தகங்களைக் குழந்தைகளுக்காகவே எழுதியதாகக் கோரி சொன்னதுண்டு, பதிப்பாளர்கள்தான் நம்பவில்லை.

அந்தச் சண்டைக்கு முடிவு சொல்ல எனக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அவருடைய மகள்தான். அவள் வேஷம் எதுவும் போடவில்லை. அவளுக்கு அந்தக் கோடுகளின் பழைமை தெரியாது, கிண்டல் தெரியாது. கல்லும் பறவையும் தெரிந்தன. நேராகக் கேட்டாள். தொகுப்பில் பல படங்களை ஒரே பக்கத்தில் நெருக்கிப் போட்டிருப்பதால், தனிப் புத்தகத்தில் பக்கம் புரட்டும்போது கிடைக்கும் மௌனம் கிடைக்காமல் போய்விடும். அவள் அந்த மௌனத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டாள். கல்லில் பறவை இருக்கும் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடி, பறவை போன படத்தை மட்டும் பார்த்தாள். பிறகு இதை மூடி அதைப் பார்த்தாள்.

நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது என்ன? 'அதுக்குப் போகணும்னு தோணிச்சு, போச்சு' என்று சொல்லியிருக்கலாம். கோரி அவ்வளவுதான் சொல்கிறார். என்னால் முடியவில்லை. அவளுக்காக மட்டும் இல்லை. நண்பர் போன முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு அவர்கள் கூப்பிட்டால் மட்டும். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் குழந்தை பறவையை வைத்துக் கேட்டதாக எனக்குப் பட்டது. அவள் அப்படி நினைத்துக் கேட்டிருக்க மாட்டாள். பசித்தது, திரும்பி வரும் என்று பறவைக்காக நான் சொன்ன சமாதானம் எனக்காகச் சொன்னதுதான்.

மேலே பறவையின் சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு எழுதினேன். அதை மறுக்கவில்லை. ஆனால் பறவைக்கு இல்லாத ஒன்று இங்கே உண்டு. ஃபிங்பிக்கு மகள் இல்லை. கல்லின் பக்கத்தில் வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதனால் பறவை பறந்தபோது யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோரியின் கதை இருவரோடு முடிகிறது. மூன்றாவது ஆள் வந்தால் அதன் கணக்கு என்னவாகும் என்பதை அவர் எழுதவில்லை. மகன் பிறக்கட்டும், பிறகு வா என்று சோழன் சொன்னதில் அந்த மூன்றாவது ஆளின் கணக்கு இருந்திருக்கலாம்.

புத்தகத்தை நான் எடுத்து வரவில்லை. "இது உன்கிட்டயே இருக்கட்டும், ஆறு மாசம் கழிச்சு வாங்கிக்கிறேன்" என்றேன். "ஆறு மாசம்னா எப்போ?" என்று காலண்டரைப் பார்த்தாள்.

ஆவணி என்று சொல்லியிருக்கிறேன்.